கலவன் எடுக்கும் கண்

"வாங்கண்ணே, வாங்க, எப்ப வந்தீங்க" என்று இரண்டு கையையும் கூப்பி ரெத்தினம் வரவேற்றது என் வீட்டுக்காரரை அல்ல. என் வீட்டுக்காரருடைய பழைய கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு என் வயல் நடுவில் நிற்கும் திருஷ்டிப் பொம்மையை. பொம்மை பதில் சொல்லவில்லை. ரெத்தினம் அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. "அண்ணனுக்கு என்னமோ யோசன போலருக்கு" என்று சொல்லிக்கொண்டே வரப்பேறி என்னிடம் வந்தார். அண்ணன் காலையிலேயே தஞ்சாவூர் பஸ் ஏறிவிட்டார் என்றேன். திரும்பி ஒரு தரம் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

போன புரட்டாசியில் இவருடைய கும்பிடு இப்படித்தான் ஊர் முழுக்க இறைந்து கிடந்தது. முப்பது அடிக்கு அப்பால் ஆள் உயரத்தில் எது தெரிந்தாலும் கும்பிடுவார். குடவாசல் பஸ் நிறுத்தத்தில் கல்யாண பேனரில் சிரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம் சௌக்கியம் விசாரித்திருக்கிறார். டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். காரணம் தெரிந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

காரணம் பேராவூரணியில் இருக்கிறது. ரெத்தினத்தின் மனைவி செவ்வந்திக்கு அங்கே ஓர் அண்ணன்; அறிவுச்செல்வன் என்று பெயர், தென்னந்தோப்புக்காரர். போன வைகாசியில் அவர் மகளுக்குக் காதணி விழா. மண்டப வாசலில் நின்று அவர் கையெடுத்துக் கும்பிட்டு "வாங்க மாப்ள" என்றிருக்கிறார். ஒலிபெருக்கி இரைச்சலில் ரெத்தினத்தின் காதில் அது விழவில்லை. நிற்பது யார் என்று கண்ணுக்கும் பிடிபடவில்லை. முகத்தை நேராகப் பார்த்துவிட்டு, பேசாமல் பந்திக்குப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறில் வழக்குப் போட்டவனைக்கூடப் பத்து வருஷத்தில் மன்னித்துவிடுவார்கள். கும்பிட்ட கைக்குப் பதில் கும்பிடாதவனை மன்னிக்க மாட்டார்கள். அன்றிலிருந்து அண்ணன் தங்கைக்கு போன்கூடச் செய்வதில்லை. "கண்ணு சரியா தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்களேன், எங்கண்ணன் புரிஞ்சிக்கும்" என்று செவ்வந்தி அழுதுபார்த்தார். ரெத்தினம் சொல்லவில்லை. அவரால் சொல்ல முடியாது. பிழைப்பே கண்ணில்தான் இருக்கிறது.

விதைக்கென்று பயிரிடும் நெல்லில் வேறு ரகம் கலந்துவிடக் கூடாது. எவ்வளவு சுத்தமாக விதைத்தாலும் எங்கிருந்தோ நாலு வேற்றுப் பயிர் முளைத்து வந்து, மற்றவற்றோடு நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருக்கும். அதற்குக் கலவன் என்று பேர். பூக்கும் சமயத்தில் விதைச்சான்று அலுவலர் வயலைப் பார்க்க வருவார். கலவன் அளவுக்கு மேல் அவர் கண்ணில் பட்டால் அந்த வயல் நெல் விதையாகாது. சாப்பாட்டு நெல்லோடு நெல்லாகப் போகவேண்டியதுதான். அலுவலர் வருமுன் கலவனைக் கண்டுபிடித்து வேரோடு பிடுங்குவது ரெத்தினத்தின் வேலை. குடவாசல் சுற்றுவட்டாரத்தில் விதைநெல் போடுகிற எல்லாரும் இவரிடம் நாள் சொல்லிவைத்துக் காத்திருப்பார்கள். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறு மா நிலத்தில், ஏக்கர் கணக்கில் இரண்டு, விதைநெல் போடுகிறேன். என் கண்ணுக்கு அந்த ஆறு மாவும் ஒரே பச்சை.

ரெத்தினம் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். வயது நாற்பத்தொன்று, வெயிலோ மழையோ முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான்வரை போட்டிருப்பார். விடிந்தும் விடியாமலும் வந்து, சூரியன் முதுகில் படுகிற மாதிரி வரப்பில் நிற்பார். பத்து நிமிஷம் ஒன்றுமே செய்யமாட்டார். முதல் வருஷம் எனக்கு எரிச்சலாக வந்தது. கூலிக்கு வந்த ஆள் குளிர்காய்கிறாரே என்று நினைத்தேன். திடீரென்று வயலில் இறங்கி, பயிருக்கு நடுவே பூனை போல நடந்து, நாற்பது அடி உள்ளே போய் ஒரே ஒரு குத்தைப் பிடித்து இழுத்தார். கையில் கொண்டுவந்து காட்டினார். எனக்கு அது மற்ற பயிர் மாதிரியேதான் இருந்தது. "இவன் நம்ம வூட்டு ஆளு இல்ல டீச்சர், வேத்தாளு" என்றார். கதிரைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் நெல்லின் நுனியில் மீசை இருப்பது எனக்குத் தெரிந்தது. அலுவலர்களே இவரைப் பார்த்தால் பாதி வயலைப் பார்க்காமல் திரும்பிவிடுவார்கள்.

வெற்றிலை போடும் பழக்கம் இவருக்குக் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் மடியில் எப்போதும் ஒரு சின்னப் பெட்டி செருகியிருக்கும். வெற்றிலைப் பெட்டி என்று நினைத்து வயல்காரர்கள் பாக்கு நீட்டுவார்கள், இவரும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று போன ஐப்பசியில், தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் என்னிடம் சொன்னார். பொம்மை விஷயத்தில் என்னிடம் மாட்டிக்கொண்டுவிட்டார் அல்லவா, அதனால் என்னிடம் மட்டும் சொன்னார்.

"கண்ணாடி டீச்சர். ஏழாவது படிக்கிறப்பவே எனக்குக் கண்ணாடி. வயலுக்கு வந்தா கழட்டி மடியில வெச்சிக்குவேன். கண்ணாடி போட்டவன் கண்ண நம்பி யாரு வயல விடுவாங்க?"

முப்பத்திரண்டு வயதில், இனி ஒளித்துவைக்கிற வேலையே வேண்டாம் என்று, யாருக்கும் தெரியாமல் லேசர் செய்துகொண்டாராம். செவ்வந்திக்கு மட்டும் தெரியும். கட்டுப் பிரித்த மாதிரி உலகமே பளிச்சென்றாகிவிட்டது. பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டார். அந்த வருஷம் சம்பாவுக்கு வயலில் போய் நின்றால், கலவன் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல டீச்சர். எல்லாம் தெரியுது. ஒரு தாளு, ரெண்டு தாளுன்னு எண்ணலாம். வேத்தாளு மட்டும் தெரியல. அந்த வருஷம் ரெண்டு பேரு வயலு என்னால கெட்டுது. காய்ச்சல்னு சொல்லி வூட்டுல படுத்துக்கிட்டேன்."

டாக்டரிடம் கேட்டிருக்கிறார். டாக்டர் சோதித்துவிட்டுக் கண் அருமையாக இருக்கிறது என்றிருக்கிறார். இவரும் அருமையாகத்தான் இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார். மூன்று வருஷம் போல நாற்று பறித்தார், அறுவடை மெஷினோடு போனார். அப்புறம் மெல்ல மெல்லக் கலவன் மறுபடி தெரிய ஆரம்பித்தது. ஏன் போனது என்று தெரியாதது போலவே, ஏன் வந்தது என்றும் தெரியவில்லை. கண்ணுக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பேர் முன்னைவிடப் பெரிதாக வந்தது. ஆனால் தூரத்து முகங்கள் மங்க ஆரம்பித்தன. கடைசியில் மச்சானே மங்கிப்போனார்.

"இப்ப ரெண்டாவது தடவ பண்ணிக்கிட்டா மச்சானத் தெரியும். ஆனா கலவன் மறுபடி போயிட்டான்னா? லேசரு எதையோ கருக்கிடுது போலருக்கு டீச்சர்."

"கருக்குறதாவது. பேசாம கண்ணாடியப் போட்டுக்குங்க" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. பார்வை நன்றாக இருந்தால் கலவன் தெரியவில்லை; பார்வை மங்கினால் கலவன் தெரிகிறது. இப்படி ஒரு கண்ணை நான் கேள்விப்பட்டதில்லை. மனுஷர் எதையோ போட்டுக் குழப்புகிறார் என்று நினைத்தேன்.

தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரியில் நானும் என் படிக்கிற கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்ததால் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். பார்வை சோதிக்கும் பெண்ணுக்கு பிரின்ஸி என்று பெயர், பொறுமைசாலி. ரெத்தினத்தின் மூக்கில் பெரிய இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டாள். "ஒண்ணுல நல்லா தெரியுதா சார், ரெண்டுல நல்லா தெரியுதா?"

"ஒண்ணு." கொஞ்சம் யோசித்தார். "இல்லம்மா, ரெண்டு."

"இப்ப பாருங்க. மூணா, நாலா?"

"ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு. நீங்களே பாத்து ஒண்ண வையிங்க."

"நான் எப்படி சார் வைக்கிறது, பாக்குறது நீங்கதான."

பத்தாயிரம் பயிரில் ஒன்றைக் கண்டுபிடிக்கிற மனுஷர், இரண்டில் ஒன்றைச் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழித்தார். பிரின்ஸி எல்லா வில்லையையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். வெறும் சட்டத்தோடு எதிர்ச்சுவரைப் பார்த்தவர், "நாலாவது வரியில கடைசி எழுத்து மட்டும் மத்ததவிடப் பழுப்பா இருக்கேம்மா" என்றார். "அது என்ன எழுத்து சார்?" என்றாள். "எழுத்து தெரியல. ஆனா பழுப்பா இருக்கு." அவள் எழுந்து போய்க் கிட்டத்தில் நின்று பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். "ஆமா சார், கொஞ்சம் வெளுத்துதான் போயிருக்கு. மூணு வருஷமா இந்த ரூம்ல இருக்கேன், நான் பாத்ததில்ல" என்றாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

டாக்டர் தெளிவாகப் பேசினார். முதலில் செய்ததில் ஒரு குறையும் இல்லை; சிலருக்கு வருஷம் போகப் போகப் பவர் கொஞ்சம் திரும்பி வரும். இன்னொரு தடவை செய்யக் கருவிழியில் போதுமான தடிமன் இருக்கிறது, மூன்றாவது தடவைக்கு இருக்காது. நாற்பது தாண்டிவிட்டதால் இதற்குப் பிறகு கிட்டத்தில் படிக்க மட்டும் கண்ணாடி வேண்டியிருக்கும். ரெத்தினம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து, "என்ன சொன்னாரு?" என்று என்னைக் கேட்டார்.

ஒரு வாரம் குழம்பினார். செய்யலாம் என்று காலையில் வந்து சொல்வார், வேண்டாம் என்று சாயங்காலம் வந்து சொல்வார். என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து காய்ந்த உளுந்தைப் புடைத்துக்கொண்டே, "இந்த ஆள் நம்மளையும் பைத்தியமாக்கிருவான்" என்றார். கடைசியில் முடிவு செய்தது செவ்வந்திதான். தீபாவளிக்கு அண்ணன் வழக்கமாக அனுப்பும் தேங்காய் மூட்டை வரவில்லை. மூட்டை வைக்கிற மூலையைப் பெருக்கி, கோலம் போட்டு, வெறுமையாக விட்டிருக்கிறார். ரெத்தினம் மறுநாள் தஞ்சாவூருக்கு பஸ் ஏறிவிட்டார்.

இந்தத் தடவையும் கண் அருமையாக வந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய முதல் ஞாயிற்றுக்கிழமையே பேராவூரணிக்குப் போனார். தோப்பு வாசலில் நின்ற மச்சானை ரோட்டிலிருந்தே கண்டுகொண்டு, "மச்சான், வாங்க" என்று கூப்பிட்டாராம். தன் வீட்டு வாசலில் நிற்பவனை வந்தவன் வாங்க என்று கூப்பிட்டால் அறிவுச்செல்வன் என்ன செய்வார். சிரித்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு மூட்டைத் தேங்காய். அதில் நாலு காய் என் வீட்டுக்கும் வந்தது.

மார்கழி பிறந்து என் வயல் பூத்தது. நாளை மறுநாள் காலை வருகிறேன் என்று அலுவலர் போன் செய்தார். ரெத்தினம் மறுநாள் விடியலிலேயே வந்துவிட்டார். ரோட்டிலிருந்தே, "டீச்சர், பொம்ம சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல" என்று சத்தம் போட்டார். முகத்தில் அவ்வளவு பெருமை. வழக்கம் போலச் சூரியனுக்கு முதுகு காட்டி வரப்பில் நின்றார். பத்து நிமிஷம் ஆயிற்று. எதிர் வரப்புக்குப் போனார். கண்ணைச் சுருக்கினார், விரித்தார். உள்ளே இறங்கி ஒரு குத்தைப் பிடித்தார், விட்டுவிட்டார். இன்னொன்றைப் பிடித்தார், அதையும் விட்டுவிட்டார். பனி விலகி வெயில் ஏறியது. ஒரு மணி நேரத்தில் ஒரு கலவன்கூட வெளியே வரவில்லை.

வரப்பில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "போயிருச்சு டீச்சர்" என்றார். "ஒவ்வொரு தாளா தனித்தனியா தெரியுது. இலையில பனி உருளுறது தெரியுது. எல்லாரும் வேத்தாளு மாதிரியும் இருக்கு, எல்லாரும் நம்ம ஆளு மாதிரியும் இருக்கு." எனக்குக் கோபம் வந்தது. என் ஆறு மா ஒரு பக்கம் கிடக்கட்டும். போன தடவை கலவன் மறுபடி தெரிய மூன்று வருஷம் ஆனது எனக்கு ஞாபகம் வந்தது. இந்தத் தடவை திரும்பி வருமா என்பதே தெரியாது. இந்த மனுஷருக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

"அந்தக் காயிதம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். ரகத்தின் அடையாளங்களை அச்சடித்து வேளாண்மை ஆபீஸில் கொடுத்த தாள். இத்தனை வருஷத்தில் அதை அவர் கையால்கூடத் தொட்டதில்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது, எடுத்துக் கொடுத்தேன். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், எழுத்து பிடிபடவில்லை. என் கழுத்துக் கயிற்றில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன். வாங்குமுன் ரோட்டை ஒரு முறை பார்த்தார். ஆள் நடமாட்டம் இல்லை. போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

பக்கத்து வாய்க்காலில் கொக்கு ஒன்று சடசடவென்று எழுந்தது. சத்தம் கேட்டு, போட்ட கண்ணாடியோடு தலையைத் தூக்கினார். தூக்கிய தலை அப்படியே நின்றது. தாள் கையிலிருந்து நழுவியது.

"டீச்சர்."

"என்ன ரெத்தினம்?"

"அந்தா நிக்கிறான்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வரப்பிலிருந்து இறங்கிவிட்டார். பூனை நடை. முப்பது அடி உள்ளே போய் ஒரு குத்தைப் பிடுங்கினார். நிமிர்ந்து நிதானமாகச் சுற்றிப் பார்த்து, இடது பக்கம் போய் இன்னொன்று. "எல்லாம் ஒண்ணாக் கலங்கி ஒரே பச்சையா ஆயிருச்சு டீச்சர். அவன் மட்டும் அதுல ஒட்டாம நிக்கிறான். அந்தக் காலத்துல இப்படித்தான் தெரியும்" என்று உள்ளேயிருந்து சொன்னார். எனக்கு அப்போதுதான் கணக்கு நேரானது. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தூரத்தைப் பார்த்தால் எல்லாம் மங்கும். பெட்டியை மடியில் செருகிக்கொண்டு வயலைப் பார்த்த நாளிலும் இவருக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது. மயிர் மயிராகத் தெரிகிற கண்ணுக்கு மொத்த வயல் தெரியவில்லை. இரண்டு தடவை லேசரால் துடைத்து எறிந்த மங்கலைத்தான் இந்த மனுஷர் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

ரோட்டில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. பக்கத்து ஊர் சித்தீக், பத்து மாவில் விதைநெல் போட்டிருப்பவர், தன் வயலுக்கு நாள் கேட்க வந்திருந்தார். கண்ணாடி போட்டவனை நம்பி யார் வயலை விடுவார்கள் என்று பஸ்ஸில் கேட்டது காதில் ஒலித்தது. கழற்றிவிடுங்கள் என்று ஜாடை காட்டினேன். அவருக்குத்தான் என் ஜாடை தெரியாதே.

"என்ன ரெத்தினம், கண்ணாடியெல்லாம்?" என்று சித்தீக் ரோட்டிலிருந்து கேட்டார்.

ரெத்தினம் நிமிர்ந்தார். "வாங்க பாய், வாங்க" என்று பொம்மையைப் பார்த்துச் சொன்னார். இரண்டு கையிலும் கலவன், வேரிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் இறங்கிய கண்ணாடியைச் சேறு படாமல் புறங்கையால் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, அடுத்ததைப் பிடுங்கக் குனிந்தார்.